விடை தெரிந்தும் பேசாத பிள்ளைகள்



சாஃப்ட்வேர் கம்பெனி இன்டர்வியூ போய்வந்த என் பிள்ளைகள் இருவர் போனில் பேசினார்கள். இருவருக்கும் ஒரே கேள்வி: எண்களின் வரிசை ஒன்றில் இரண்டாவது பெரிய எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது?

மாணவிக்கு உடனே விடை வரவில்லை. "முதலில் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தலாம் சார்... இல்லை, வேண்டாம். பெரியது, அதற்கு அடுத்தது என இரண்டை மட்டும் நினைவில் வைத்து ஒருமுறை பார்த்து வந்தாலே போதும்" என்று, யோசித்ததைத் தமிழும் ஆங்கிலமுமாகச் சொல்லிக்கொண்டே போனாள். வேலை கிடைத்தது.

மாணவனுக்கு விடை தெரியும். ஆங்கில வாக்கியம் சரியாக அமையட்டும் என்று காத்திருந்தான், நேரம் முடிந்தது. இது மூன்றாவது இன்டர்வியூ. "இவனுக்குப் படிப்பு ஏறலையா டீச்சர்?" என்று அவன் அம்மா அழுதார். ஏறியிருக்கிறது அம்மா, வாய்வழியே வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

விமானத்தில் எத்தனை கோல்ஃப் பந்து கொள்ளும் என்பது போன்ற புதிர்கள் நேர விரயம் என்று 2013-இல் கூகுளின் லாஸ்லோ பாக்கே சொல்லிவிட்டார். நீ எப்படி யோசிக்கிறாய் என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

வேலையில் இருக்கும் என் பழைய மாணவர்களே, வாரம் ஒருநாள் ஊர்ப் பிள்ளை ஒருவரை போனில் அழைத்து, ஒரு கணக்கை வாய்விட்டுப் போடச் சொல்லுங்கள். இன்டர்வியூ எடுக்கும் இடத்தில் இருப்பவர்கள், "பரவாயில்லை, தமிழில் சொல்லுப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.