நாற்காலி இருக்கிறது, உட்காரலாமா?

புடவைக் கடையில் உட்கார்ந்திருப்பவர் வாங்க வந்தவர், நின்றுகொண்டிருப்பவர் விற்பவர். ஏதோ இயற்கை விதி போல இது எல்லோருக்கும் பழகிவிட்டது. அப்படி நிற்பவர்களில் இருபது வயதுப் பெண்களும் உண்டு, நாற்பத்தைந்தைத் தாண்டிய அக்காக்களும் உண்டு. வந்தவரின் முகத்தைப் பார்த்தே எந்த விலையில், எந்த நிறத்தில் எடுத்துப் போட வேண்டும் என்று தெரிந்துகொள்வது பெரும்பாலும் அந்த அக்காக்கள்தான். அவர்களுக்குத்தான் 'அந்த வயசு'ம்!

வீட்டில் கூட அதற்கு மேல் பெயர் சொல்வதில்லை. மெனோபாஸ், அதாவது மாதவிடாய் நின்றுபோவது. தொடர்ந்து 12 மாதம் வரவில்லை என்றால் நின்றுவிட்டது என்று மருத்துவர்கள் கணக்கு வைக்கிறார்கள். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே இது நடந்துவிடுகிறது. வேலையில் கை நன்றாகத் தேறியிருக்கும் வயது.

தொல்லை அன்றைக்குத் திடீரென்று வருவதில்லை. சில வருடங்களுக்கு முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கத் தொடங்கும். உடம்பின் வெப்பத்தைக் கவனித்துக்கொள்ளும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதி அதனால் குழம்பி, லேசான சூட்டையும் பெரிய சூடாக எடுத்துக்கொள்கிறது. தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. முகமும் கழுத்தும் எரிந்து, ஏசிக்கு நடுவிலும் வியர்வை கொட்டும். சில நிமிடங்களில் அடங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் இரவிலும் வந்து தூக்கத்தைக் கெடுக்கும். மறுநாள் தெரிந்த விலையே மறந்து போகும். மூட்டு வலி தனி. சிலருக்கு நாள் கணக்கு தப்பி, உதிரப்போக்கும் அதிகமாக இருக்கும். அவர் நாள் முழுக்க நிற்க வேண்டும், சிரித்த முகத்தோடு!

வேலையிடத்தில் இதற்குத் தேவைப்படுவது பெரிய திட்டம் ஒன்றுமில்லை. ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, குடிக்கத் தண்ணீர், யாரிடமும் கேட்காமல் கழிப்பறைக்குப் போய்வரும் உரிமை, காற்றுப் புகும் துணியில் யூனிஃபார்ம். (சிந்தெடிக் யூனிஃபார்ம் புடவையைத் தேர்ந்தெடுத்தவர் அதை ஒருநாள் கட்டிப் பார்த்திருக்கலாம்.)

பிரிட்டனில் 2022-ல் ஒரு நாடாளுமன்றக் குழு மெனோபாஸ் விடுப்பைச் சோதனை முறையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னது. 2023 ஜனவரியில் அரசு மறுத்துவிட்டது. 2024-ல் அங்குள்ள சமத்துவ ஆணையம், தொல்லை நீண்ட நாள் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கணிசமாகப் பாதித்தால் அது சட்டப்படி ஊனமாகக் கருதப்படலாம், அப்போது முதலாளி தகுந்த வசதி செய்து தர வேண்டும் என்று வழிகாட்டியது. நல்லதுதான். ஆனால் அதற்கு முதலில் அந்தப் பெண் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். மகன் வயதிலிருக்கும் சூப்பர்வைசரிடம் போய், "தம்பி, எனக்கு இந்த மாதிரி..." என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்?

கோழிக்கோட்டில் தையல் வேலை செய்த விஜி, 'பெண்கூட்டு' என்ற அமைப்பைக் கட்டி, கடைப் பெண்களுக்காக முதலில் கழிப்பறையும் பிறகு நாற்காலியும் கேட்டுப் போராடினார். கேரளா 2018-ல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடும் 2021-ல் தன்னுடைய 1947-ம் வருடத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை தர வேண்டும் என்றது. மெனோபாசுக்காகப் போட்ட சட்டம் இல்லை இது. ஆனாலும் அந்த வயதுப் பெண்ணுக்கு இதில் ஒரு பெரிய சௌகரியம். உட்காரக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இருபது வயதுப் பெண்ணுக்கும் அதே நாற்காலிதான்.

சிக்கல் என்னவென்றால், வேலைக்கு நடுவில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்பதுதான் சட்டம். வாய்ப்பு எப்போது என்று முடிவு செய்வது யார்? ஆள் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தால் "புடவையை மடிக்கலாமே" என்று குரல் வந்தால், நாற்காலி சுவரோரம் சும்மா கிடக்கும். அக்கா இன்னும் கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டு, "உடம்புக்கு முடியலை" என்று வேலையை விடுவார். அத்தனை வருடத்து அனுபவமும், வீட்டுக்கு வந்த சம்பளமும் அதோடு போச்சு.

அதுவரை அவரைக் காப்பாற்றுவது பக்கத்து கவுண்டர் பெண்தான். "அக்கா, நீங்க கொஞ்சம் உட்காருங்க, இந்தக் கஸ்டமரை நான் பாத்துக்கறேன்" என்பாள். பண்டிகைக் கூட்டத்தில் அவளாலும் முடியாது.