கார்டு ஊர்ல இருக்கு

ஊரடங்கு தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். 2020 ஏப்ரல் முதல் வாரம். அரசாங்கம் கடை நேரத்தை மதியம் ஒரு மணியோடு நிறுத்தியிருந்தது. ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் கிடக்கும் பற்று நோட்டைக் கூட்டிக்கொண்டிருந்தேன். மாசத்துக்கு ஒரு சிப்பம் அரிசி எடுக்கிற வீட்டுப் பக்கத்தில் "அரிசி 2 கிலோ" என்று இருந்தது. லிட்டர் கணக்கில் எண்ணெய் வாங்குகிறவர்கள் பேரில் கால் லிட்டர் பாமாயில். மூன்று வீட்டுப் பக்கங்களில் பால் பாக்கெட் என்ற சொல்லையே காணோம். அந்த மூன்று வீட்டிலும் கைக்குழந்தை உண்டு. எனக்குக் கூட்டல் நின்றுபோனது.

தண்டலத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டி, இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டுக்கு முன்னால் இருக்கிற ஊர். 1998-ல் அந்தச் சிப்காட்டில் இருக்கிற ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து கார் வர ஆரம்பித்தது. அடுத்த வருஷம் நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டேன். நெல் விளைந்த நிலத்தில் லைன் வீடுகள் எழும்பின. ஒரு வரிசைக்குப் பத்து அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ், பின்னால் பொதுக் கக்கூஸ். குடும்பமாக இருப்பவர்கள், ரூமுக்கு ஆறு பேராக இருக்கும் கான்ட்ராக்ட் பையன்கள், ஒடிசா, பீகார், ஜார்கண்ட் ஆட்கள் எல்லோரும் அங்கேதான்.

மார்ச் 23-ஆம் தேதி ஹூண்டாய் உற்பத்தியை நிறுத்தியது. ஒரகடம் வரைக்கும் மற்றக் கம்பெனிகளும் அடுத்தடுத்து நின்றன. இந்தப் பகுதியில் கம்பெனி நின்றால் சம்பளத்தோடு பஸ்ஸும் நிற்கும், கேன்டீனும் நிற்கும். பத்தொன்பது இருபது வயசுப் பையன்களுக்கு இரண்டு வேளைச் சாப்பாடு கேன்டீனில்தான். ஷிப்ட் போனதும் அந்த இரண்டு வேளையும் போய்விட்டது. இதை வெளியூர்க்காரர்கள் யாரும் யோசித்துப் பார்த்ததில்லை. நானே அன்றைக்குத்தான் யோசித்தேன்.

அரிசி அட்டைக்கு ஆயிரம் ரூபாயும், ஏப்ரல் மாசத்து அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் இலவசமாகக் கொடுத்தார்கள். அது பெரிய உதவி. இந்த மாநிலத்தின் ரேஷன் கடை இல்லாவிட்டால் அந்த வருஷம் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆனால் லைன் வீட்டில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "கார்டு ஊர்ல இருக்கு அண்ணாச்சி." அட்டை திருவண்ணாமலையில், விழுப்புரத்தில், என் சொந்த ஊர்ப் பக்கத்தில். வயிறு தண்டலத்தில். எந்த ஊர் அட்டைக்கும் எந்தக் கடையிலும் வாங்கலாம் என்பது தமிழ்நாடு முழுக்க அந்த வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதிதான் வந்தது. எங்களுக்கு ஆறு மாசம் தாமதம்.

அம்மன் கோயில் பெரியவரிடம் போய் நோட்டைக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலு பக்கம் பார்த்தார். ஆடியில் கூழ் வார்க்கச் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துவிடலாம் என்றார். கோயில் பணத்தில் கை வைப்பதா என்று ஒருத்தர் கேட்டதற்கு, "கூழு யாருக்குடா ஊத்தறோம்?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

முதல் நாள் நாங்கள் செய்தது தப்பு. கோயில் முன்னால் சுண்ணாம்பில் வட்டம் போட்டு, வரிசையாக நிற்கவைத்து, பை பையாகக் கொடுத்தோம். பணம் தந்தவர்களுக்குக் கணக்குக் காட்டவேண்டும் என்று போனில் படம் எடுத்தோம். எட்டு வருஷமாக என் கடையில் வாங்குகிற பெண் ஒருத்தர், படம் எடுக்கும்போது முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். மாஸ்க்குக்கு மேலே முந்தானை. அடுத்த வாரம் அவர் வரவில்லை. அன்றைக்குச் சாயந்திரம் அவர் மகளை அனுப்பி அரை கிலோ அரிசி கடனாக வாங்கினார். என் கையால்தான் எழுதினேன்.

அன்றிரவு பெரியவரிடம் சொன்னேன். வரிசை வேண்டாம், படம் வேண்டாம், பையும் வேண்டாம். பணத்தை என் கடையில் கட்டுங்கள், அவர்கள் எப்போதும்போல வந்து வேண்டியதை வாங்கட்டும் என்றேன். தனியாக ஒரு நோட்டுப் போட்டோம், வீட்டுக்கு வாரம் அறுநூறு ரூபாய். "அம்மன் கணக்குல எழுதுங்க" என்று சொன்னால் போதும். பக்கத்தில் நிற்பவர்களுக்கு அது பற்றா தானமா என்று தெரியாது. என் மனைவி அந்த நோட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். பெண்கள் அவளிடம்தான் கூசாமல் கேட்டார்கள்.

என்ன வாங்கினார்கள் என்று பார்த்தபோது எங்கள் பையில் எத்தனை இல்லாமல் போயிருந்தது என்று தெரிந்தது. குழந்தைக்குப் பால் பவுடர். நாப்கின். துணி சோப்பு. அஞ்சு கிலோ சிலிண்டருக்குக் கேஸ். அரிசியும் பருப்பும் வாங்கிக்கொண்டு போய்ப் பச்சையாகவா தின்பார்கள்? ஒரு பாட்டி வெற்றிலை பாக்கு கேட்டார். தருமப் பணத்தில் வெற்றிலையா என்று கோயில் கமிட்டியில் ஒருத்தர் முகம் சுளித்தார். எழுபது வயசுக்கு மேல் ஒரு மனுஷி என்ன வாயில் போடவேண்டும் என்று நாம் சொல்லக்கூடாது என்றேன். எழுதினேன்.

பையன்கள் ரூமில் பிரச்சினை வேறு. அரிசி கொடுத்த இரண்டாம் நாள் ஒரு பையன் வந்து, "அண்ணாச்சி, பாத்திரம் இல்ல" என்றான். போய்ப் பார்த்தேன். ஆறு பாய், ஆறு பை, ஆணியில் ஆறு யூனிபார்ம். அடுப்பு இல்லை, ஒரு டம்ளர்கூட இல்லை. தண்ணீர் கேனிலிருந்து அப்படியே குடிக்கிறார்கள். நாங்கள் கொடுத்த அரிசிப் பை கட்டு அவிழாமல் மூலையில் இருந்தது. அப்புறம்தான் கூழ் அண்டாவை வெளியே எடுத்துத் தினமும் ஒரு வேளை சாம்பார் சாதமோ தக்காளி சாதமோ ஆக்கினோம். பீகார்க்காரர்கள் ஆட்டாவும் உருளைக்கிழங்கும் கேட்டார்கள். ஒடிசாக்காரர்களுக்குச் சோறு போதும், குழம்பில் புளி குறையவேண்டும்.

வடலூரில் வள்ளலார் 1867-ல் தொடங்கிய தருமசாலை அடுப்பு இன்றைக்கும் அணையவில்லை. அங்கே உட்காருகிறவனிடம் யாரும் அட்டை கேட்பதில்லை. எங்களால் அது முடியவில்லை. பணம் கொஞ்சம், ஆள் நிறைய, அதனால் பட்டியல் போட்டோம். பட்டியல் போட்டதில் சிலரை விட்டிருப்போம். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஏப்ரல் 12-ஆம் தேதி, தனியார் யாரும் நேரடியாகச் சாப்பாடு கொடுக்கக்கூடாது என்று அரசு அறிவித்தது. கூட்டம் கூடினால் நோய் பரவும் என்ற பயம் நியாயம்தான். விஷயம் உயர் நீதிமன்றம் வரை போய், முன்கூட்டித் தகவல் சொல்லிவிட்டுக் கொடுக்கலாம் என்றானது. நடுவில் நாலு நாள் அண்டா கவிழ்ந்து கிடந்தது. பையன்கள் அந்த நாலு நாளும் பன்னும் தண்ணீரும்.

2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்தில் 29,000 கன அடி திறந்தபோது ஊர் உலகமே சாப்பாட்டுப் பொட்டலத்தோடு ஓடிவந்தது. வெள்ளம் டி.வி.யில் தெரிந்தது. இந்தப் பசி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தது. அதனால் பணம் சேர்க்க நாங்கள் வீடு வீடாகப் பேச வேண்டியிருந்தது.

மே மாசம் கோயம்பேடு மார்க்கெட்டை மூடி, திருமழிசையில் திறந்தார்கள். எங்களுக்குப் பக்கம். விடியக்காலையில் குட்டியானை வண்டியில் போவோம். மழை பெய்தால் கணுக்கால் சேறு. விற்காத முட்டைக்கோஸ், லேசாக நசுங்கிய தக்காளி, சில வியாபாரிகள் காசு வாங்காமல் ஏற்றிவிட்டார்கள். தங்கள் கடை பறிபோன துக்கத்தில் இருந்தவர்கள் அவர்கள்.

அட்டை இல்லாத வெளிமாநிலத்தவருக்கு அஞ்சு கிலோ தானியமும் ஒரு கிலோ கொண்டைக்கடலையும் என்று மத்திய அரசு மே 14-ஆம் தேதி அறிவித்தது. அதற்குள் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். ரயிலுக்குப் பேர் கொடுத்தவர்கள் காத்திருந்தார்கள், மற்றவர்கள் நெடுஞ்சாலையில் முதுகுப் பையோடு நடந்தார்கள். ஒடிசாக்காரப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர், குக்கரையும் சின்ன ஸ்டவ்வையும் கடையில் வைத்துவிட்டு, "அண்ணா, யாருக்காவது கொடுங்க" என்று தெரிந்த தமிழில் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதோடு நாங்களும் சில பாத்திரங்கள் சேர்த்தோம். கடைப் பரணில் நாலு செட் இருக்கிறது. அம்மன் கணக்கு நோட்டையும் மூடவில்லை. 2021 மே ஊரடங்கில் முதல் நாளிலிருந்தே அது வேலை செய்தது.

போன மாசம் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பையன் வந்தான். புது முகம். அரை கிலோ அரிசி கேட்டான். கழுத்தில் அடையாள அட்டைக் கயிறு மட்டும் இருந்தது, அட்டை இல்லை.

"கம்பெனில பிரேக் குடுத்துட்டாங்களாப்பா?"

"ஆமா அண்ணாச்சி. நேத்துலேருந்து."

"ரூம்ல எத்தன பேரு?"

"அஞ்சு பேரு."

"பாத்திரம் இருக்கா?"

அவன் பதில் சொல்லவில்லை. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பரணில் ஏறினேன்.