மந்திரவாதியும் வாள்வீரனும்

மேசையைச் சூழ்ந்திருந்து பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டுகளுள் முன்னோடி, 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கைகாக்ஸ், ஆர்னெசன் என்னும் இருவர் ஆக்கிய ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ ஆகும். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என நண்பர் நகைப்பர். எனக்கோ அதன் விதிநூல்கள் நெடுநாள் தீராத வழக்கொன்றின் ஏடுகளாகவே தோன்றுகின்றன.

முதல் நூலின்படி, தொடக்கநிலை மந்திரவாதி நாளொன்றுக்கு ஒரு மந்திரமே சொல்லலாம், கவசம் அணியலாகாது. இரண்டாம் படியேற வீரனுக்கு 2,000 அனுபவப் புள்ளிகள் போதும். அவனுக்கோ 2,500 வேண்டும். பின்னர் எய்தும் பேராற்றலுக்கு அவன் முன்னரே இறுத்த விலை அது. 2000ஆம் ஆண்டுப் பதிப்பு யாவர்க்கும் ஒரே புள்ளிக்கணக்கை வகுத்தது. விலை குறைந்தது, ஆற்றல் குறையவில்லை. உயர்படிகளில் மந்திரவாதி பறக்கிறான், மறைகிறான், கணத்தில் வேற்றிடம் சேர்கிறான். வீரனாக ஆடி, வாளிருந்தும் வாளாவிருந்த மாலைகள் எனக்குப் பல.

2008ஆம் ஆண்டுப் பதிப்பு இருவர்க்கும் ஒத்த அமைப்பில் ஆற்றல்களை அளித்தது. சமன் வந்தது, ஆனால் இருவரும் ஒரே அச்சில் வார்த்தவர் போலாயினர் எனப் பலர் குறைகூறினர். 2014இல் வேறுபாடு மீண்டது, வழக்கும் மீண்டது.

நான் வீரன் கட்சி. அடியின் வலிமையைக் கூட்டிவிட்டால் அவன் குறை தீராது. பூட்டிய கோட்டையுள் புகவும், பகையரசனைப் பணிய வைக்கவும் அவனுக்கும் விதியில் வழி வேண்டும்.