நானுஓயாவில் ஒரு தணல் சட்டி

 

மலைநாட்டுக்கு இரயிலில் போனவர்கள் நானுஓயாவை மறந்திருக்க மாட்டீர்கள். நுவரெலியா செல்பவர்கள் இறங்கும் நிலையம் அதுதான். 1885 இல் இருப்புப்பாதை அங்கு வந்து சேர்ந்தது. 1,600 மீற்றருக்கும் மேலான உயரம். எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலை. லயங்களின் கூரைகளுக்கு மேலே தேயிலை மிலாறு எரியும் புகை மாலை வேளைகளில் மூடுபனியோடு கலந்து நிற்கும்.

2024 ஜூன் மாதத்து ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குடும்பத்தோடு அங்கே என் ராத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். உழ்ஹிய்யா இறைச்சியில் பிறருக்குரிய பங்குகளைக் கொடுத்து முடித்த பிறகு, பின்வளவில் இறைச்சி சுடுவது என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். கேஸ் அடுப்பா, கரி அடுப்பா என்று வாதம் தொடங்கியது.

மச்சான் கேஸ் பக்கம். பற்றவைத்தவுடன் சூடு வரும், கூட்டலாம், குறைக்கலாம், புகையில்லை. ராத்தா சிரட்டைக் கரியின் பக்கம். "2022 இல் ஒரு சிலிண்டருக்காக வரிசையில் நின்றது மறந்து போச்சா? குசினிக் கேஸைக் கொண்டுவந்து காற்றில எரிக்கிறதா?" என்று கேட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. குளிர் கூடும் இடத்தில் கேஸும் சோம்பிவிடும். சிலிண்டரிலுள்ள பியூட்டேன் பூச்சியப் பாகையை நெருங்கும்போது ஆவியாவதே அரிது. ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழும் ஊரில் சுவாலை மெலிவது இதனால்தான்.

ருசி விஷயத்திலும் ஒரு உண்மை உண்டு. சுட்ட இறைச்சியின் மணம் கரியிலிருந்து மட்டும் வருவதில்லை. கொழுப்பு சொட்டித் தணலில் விழுந்து எழும் புகையே அதில் பெரும்பங்கு. கரியில் சுடுபவர்கள் சுவாலை அடங்கி, மேலே சாம்பல் பூக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் வெளியே கருகும், உள்ளே வேகாது. கருகிய பகுதி உடலுக்கும் நல்லதல்ல.

ராத்தாவே வென்றார். சுட்டதில் முதல் தட்டு பக்கத்து வீட்டுக்குப் போனது. குழம்பில் நீரைக் கூட்டியேனும் அண்டை வீட்டாரைக் கவனிக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத்தல்லவா நாம்!

சகோதரிகளே, நான் சொல்ல வந்தது இனித்தான். இஷாவுக்குப் பின் மழைக்காற்று வீசியது. உம்மா குளிரில் நடுங்கினார். மீந்த தணலை ஒரு இரும்புச் சட்டியில் அள்ளி, உம்மாவின் அறையில் வைத்து, ஜன்னலையும் சாத்தியவன் நான்தான். தேநீர் கொண்டுவந்த ராத்தா அதைக் கண்டதும் கோப்பையை வைத்துவிட்டு ஜன்னல்களைத் திறந்தார். "தம்பி, உம்மாவைக் கொல்லப் பார்க்கிறியா?" என்றார். உம்மா தலையிடிக்கிறது என்று அப்போதே சொல்லத் தொடங்கியிருந்தார்.

கரித்தணல் காபனோரொட்சைட்டு எனும் நஞ்சு வாயுவை வெளியிடுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவர் எழுந்திருக்கவே மாட்டார். கேஸ் கசிந்தால் மூக்கு அறிவதற்காக அதில் நாற்றம் சேர்த்திருக்கிறார்கள். தணலோ எச்சரிக்காது. புகையில்லாத கரிதானே என்று நினைத்தேன். புகை இல்லாததே என்னை ஏமாற்றியது.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு வீட்டாரோடு எரிந்தது. செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள் நெருப்பு உங்களுக்குப் பகை, உறங்கும்போது அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள். அபூ மூஸா (ரழி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நான் நடத்தும் பாடம். அன்றிரவு அதன்படி நடந்தவர் என் ராத்தா.

எனவே கூட்டம் பெரிதென்றால் கரி எடுங்கள். நாலு பேருக்கென்றால் கேஸ் போதும். கேஸ் என்றால் குழாய் மூட்டுகளில் சவர்க்கார நீர் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். கரி என்றால், சாம்பலுக்குள் தணல் மணிக்கணக்கில் உயிரோடிருக்கும். நீரூற்றிக் கிளறி அணையுங்கள். எதுவானாலும் வெளியே பற்றவைத்தது வெளியிலேயே அணையட்டும். முதியவர்களுக்குக் குளிரென்றால் இன்னொரு கம்பளி கொடுங்கள்.

வாகிஆ சூராவில் அல்லாஹ் நெருப்பை ஒரு நினைவூட்டலாகவும் பயணிகளுக்குப் பயனாகவும் ஆக்கியதாகக் கூறுகிறான். நானுஓயாவில் பயணியாகப் போன எனக்கு அதன் பயனும் கிடைத்தது, நினைவூட்டலும் கிடைத்தது. உங்கள் வீடுகளை அவன் பாதுகாப்பானாக. ஆமீன்.