முதல் பால் யாருக்கு?

கன்றுக்குக் குளிரும் என்றேன். "திருச்சியில என்ன அப்பாயி குளிரு?" என்று பேத்தி கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. வெயிலுக்குப் பேர்போன ஊர் இது. மார்கழி, தையில்கூட விடியற்காலை வெப்பம் 20 டிகிரிக்கு அதிகம் கீழே இறங்காது.

ஆனால் எங்கள் மேலூர் ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய மண் காய்வதற்குள் பனி பிடித்துக்கொள்ளும். வாழைத் தோட்டத்து ஈரமும் ஆற்றுப் பனியும் சேர்ந்து, விடியும்போது மாட்டுக் கொட்டகைத் தரை வேர்த்துக் கிடக்கும். பெரிய மாட்டை இது ஒன்றும் செய்யாது. தின்ற தீனி வயிற்றில் புளிக்கும்போதே அதன் உடம்புக்குச் சூடு கிடைத்துவிடும். பத்து நாள் கன்றுக்கு அந்த வயிறு இன்னும் வேலை செய்யத் தொடங்கியிருக்காது. ஈரத் தரையில் அது படுத்தால், குடித்த பால் வளர்ச்சிக்குப் போகாமல் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே செலவாகிவிடும்.

அதனால்தான் காய்ந்த வைக்கோலை ஒரு சாண் உயரத்துக்குத் தினமும் மாற்றிப் போட வேண்டும். போட்டால் மட்டும் போதாது. அதன்மேல் நீங்கள் மண்டியிட்டுப் பார்க்க வேண்டும். புடவை நனைந்தால் கன்றின் வயிறும் நனையும். எனக்கு 72 வயதாகிறது. முழங்கால் வலியோடு இன்றைக்கும் மண்டியிட்டுத்தான் பார்க்கிறேன்.

புட்டிப்பால் கொடுத்துக் கன்று வளர்க்க நான் கற்றுக்கொண்டது 2013 கடைசியில். அந்த வருஷம் காவிரிப் படுகையில் மாடுகளுக்குக் கோமாரி நோய் பரவியது. எங்களிடம் நான்கு கறவைகள். அவற்றில் இரண்டு, கன்று ஈன்று ஒரு மாதம்கூட ஆகாதவை, முதலில் விழுந்தன. வாயில் எச்சில் நூலாக ஒழுகியது. குளம்பிடுக்கில் புண். தீனியை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. நாட்டு வாழைப்பழத்தை நல்லெண்ணெயில் தோய்த்து ஊட்டினோம். அது மட்டும்தான் உள்ளே இறங்கியது.

கால்நடை டாக்டர் வந்து மாடுகளைப் பார்த்தார். பிறகு கன்றுகளைக் காட்டி, "இதுங்கள ஊட்ட விடாதீங்கம்மா. அந்தக் கிருமி கன்னுக்குட்டியோட இதயத்தையே தாக்கும். காலைல துள்ளிக்கிட்டிருக்கும், சாயங்காலம் இருக்காது" என்றார். கன்றுகளைத் தோட்டத்துப் பக்கச் சாய்ப்புக்கு மாற்றச் சொன்னார். நோய் வராத இரண்டு மாட்டின் பாலைக் காய்ச்சி ஆற்றிக் கொடுக்கச் சொன்னார். கொட்டகைத் தரையைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரால் கழுவச் சொன்னார்.

சொல்வதற்கு எளிது. அன்று இரவு முழுக்கத் தாய்கள் இங்கிருந்து கூப்பிட்டன, கன்றுகள் அங்கிருந்து பதில் கொடுத்தன. அது மார்கழி. விடியற்காலை ஊர்க் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. பன்னிரண்டாம் பாசுரத்தில் ஆண்டாள் ஓர் எருமையைக் காட்டுகிறாள். கன்றை நினைத்த மாத்திரத்தில் அதற்குப் பால் தானே ஒழுகி வீடு சேறாகிறது. பாட்டாக எத்தனையோ வருஷம் கேட்டிருக்கிறேன். அந்த வருஷம் கண்ணால் பார்த்தேன். காய்ச்சலில் மடி வற்றிப்போயிருந்தது. ஆனாலும் கன்றின் குரல் கேட்டதும் காம்பிலிருந்து பால் சொட்டித் தரை நனைந்தது. கன்றுக்கென்று சுரந்த பால், கன்றுக்குக் கொடுக்கக் கூடாத பால். நான் திண்ணையில் உட்கார்ந்து அழுதேன். அவிழ்த்துவிடவில்லை.

இரண்டு வீடு தள்ளி ஒருவர் மனசு கேட்காமல், "பாவம், ஒருவாய் குடிக்கட்டும்" என்று அவிழ்த்துவிட்டார். மறுநாள் அந்தக் கன்று இல்லை. அவர் கெட்டவர் இல்லை. என்னைவிட இரக்கம் அதிகம் உள்ளவர்.

பிள்ளைகளே, உங்களிடம் நான் பேச நினைப்பது இதைத்தான். ஒரு ஜீவனுக்குக் கொடுக்கும்போது யாருக்காகக் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். அதன் பசிக்காகவா, நம் மனசு ஆற வேண்டும் என்பதற்காகவா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நாளைக்கு நீங்கள் குழந்தை வளர்ப்பீர்கள், வயதான அம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்வீர்கள். அப்போது இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது மூன்று கன்றுக்குட்டிகள்.

இரண்டு எங்களுடையவை, இரண்டும் கிடேரி. மூன்றாவது பக்கத்துக் கொல்லைக்காரருடையது, காளைக்கன்று. அதன் தாய் கோமாரியில் செத்தது. அவர் மனைவி அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "எங்களால பாத்துக்க முடியாதுக்கா, நீங்களே வச்சுக்குங்க" என்று எங்கள் வாசலில் விட்டுப் போனாள்.

டாக்டர் சொன்ன கணக்கு ஒன்றே ஒன்று. கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு பால், ஒரு நாளைக்கு. 22 கிலோ கன்றுக்கு 2 லிட்டருக்குக் கொஞ்சம் கூட. அதை மூன்றாகப் பிரித்துக் காலை 5 மணி, பகல் 12 மணி, மாலை 6 மணி. பால் மாட்டின் உடம்புச் சூட்டில், அதாவது நம் உடம்புச் சூட்டைவிடச் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். புட்டியையும் ரப்பர் நிப்பிளையும் ஒவ்வொரு தடவையும் வெந்நீரில் அலச வேண்டும்.

முதல் வாரமே தப்பு செய்தேன். நிப்பிளின் ஓட்டை சின்னது. ஒரு கன்று குடித்து முடிக்கக் கால்மணி நேரம். மூன்று கன்று, நான்கு மாடு, அடுப்படி வேலை வேறு. பிளேடை எடுத்து ஓட்டையைப் பெரிதாக்கினேன். பால் கடகடவென்று இறங்கியது, எனக்குச் சந்தோஷம். இரண்டாம் நாள் சின்னக் கிடேரிக்கு மூக்கில் பால் வந்தது. மூன்றாம் நாள் இருமல், இளைப்பு. பால் நுரையீரலுக்குள் போயிருந்தது. ஐந்து நாள் ஊசி போட்டு அதை மீட்டோம்.

டாக்டர் அப்போது விளக்கியதை மறக்க முடியாது. மாட்டுக்கு வயிற்றில் நான்கு அறை. பிறந்த கன்றுக்கு நான்காவது மட்டும்தான் பால் செரிக்கும். கழுத்தை நீட்டிக் கன்று சப்பும்போது உணவுக்குழாய் முடியும் இடத்தில் ஒரு மடிப்பு குழாய்போல மூடிக்கொண்டு, பாலை நேரே அந்த நான்காம் வயிற்றுக்குக் கொண்டுபோகும். சப்ப விடாமல் வாயில் ஊற்றினால் பால் முதல் வயிற்றில் விழுந்து கெட்டுப்போகும், இல்லையென்றால் மூச்சுக்குழலில் ஏறும். அந்தக் காலத்தில் மூங்கில் குழாயை வாயில் செருகித் தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றுவார்கள். எத்தனை கன்று அப்படிப் போனதோ. சப்புகிற கால்மணி நேரமும் அதற்கு வேண்டிய நேரம். அதைக் குறைத்தது என் வசதிக்காக.

இரண்டாவது தப்பு பாசத்தால் வந்தது. குடித்து முடித்த கன்று அதோடு விடாது. முட்டும், புடவைத் தலைப்பைச் சப்பும், பக்கத்துக் கன்றின் காதைச் சப்பும். இன்னும் பசி என்று நினைத்து அரை லிட்டர் கூடக் கொடுத்தேன். மறுநாளே வெள்ளைக் கழிச்சல், கண் உள்ளே போய்விட்டது. கன்றைக் கொல்வதில் கழிச்சலுக்கு நிகர் இல்லை. பாலைப் பாதியாகக் குறைத்தோம். இடையிடையே உப்பும் வெல்லமும் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீர் கொடுத்தோம். பிழைத்தது. அது சப்பியது பசியால் இல்லை. மடியில் முட்டிமுட்டிக் குடிக்கிற ஆசை அதற்குத் தீரவில்லை. பால் கொடுத்த பிறகு வாயைத் துடைத்து, நாக்கில் இரண்டு கல் உப்பு தடவி, கொஞ்ச நேரம் தனித்தனியாகக் கட்டினால் போதும். தாய் நக்கிக் கொடுப்பதுபோல ஒரு கோணிச்சாக்கால் முதுகைத் தேய்த்துவிட்டால் அப்படியே படுத்துவிடும். அன்றைக்கு ஒன்பது வயதாக இருந்த என் பேத்திதான் இதைக் கண்டுபிடித்தாள். தேய்க்கும்போது கன்று கண்ணை மூடும் என்று காட்டினாள்.

காளைக்கன்றைப் பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. என்றாலும் சொல்கிறேன்.

ஒரு கன்றுக்கு நாளைக்கு 2 லிட்டர் என்றால் இரண்டு மாதத்தில் 120 லிட்டர். அதைப் பால் சொசைட்டியில் ஊற்றினால் காசு. கிடேரிக்குக் கொடுத்தால் மூன்று வருஷத்தில் அது கறவையாகிக் கடனைத் திருப்பித் தரும். டிராக்டரும் பவர் டில்லரும் வந்த பிறகு ஜெர்சிக் கலப்புக் காளைக்கன்றுக்கு என்ன மதிப்பு? திமில் இல்லாத மாடு ஏருக்கும் வண்டிக்கும் அவ்வளவாக ஆகாது. அதனால் பல வீடுகளில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே அதன் பங்கு குறையும். அது தானாகச் செத்ததாகப் பேச்சு. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, செத்த கன்றின் தோலில் வைக்கோல் திணித்துத் தாயின் முன்னால் நிறுத்திக் கறப்பார்கள். பசு அந்தத் தோலை நக்கும். அது தப்பு என்று எட்டு வயதிலேயே எனக்குத் தோன்றியது. பெரியவர்கள் அதைப் பார்க்கப் பழகியிருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் ஒருநாள், "அதுக்கு ஒருவேளை மட்டும் குடுத்தா போதாதா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் மூன்று புட்டியையும் வரிசையாக வைத்து ஒரே அளவாக ஊற்றினேன். அதன்பிறகு அவர் கேட்கவில்லை. பத்தாம் நாள் குடல்புழு மருந்து மூன்றுக்கும், நான்காம் மாதம் கோமாரித் தடுப்பூசி மூன்றுக்கும். காளைதான் மூன்றில் நன்றாக வளர்ந்தது. பைப்படியில் நான் பாத்திரம் விளக்கினால் பின்னாலேயே வந்து நிற்கும்.

இரண்டு வருஷம் கழித்து மணப்பாறைச் சந்தையில் விற்றோம். வாங்கியவர் எதற்கு வாங்குகிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். மற்ற தப்புகளுக்கு மருந்து கொடுத்துச் சரிசெய்தேன். இதைச் சரிசெய்ய முடியவில்லை.

இப்போது பெரும்பாலும் கிடேரியே பிறக்கும்படி பாலினம் பிரித்த விந்தூசி வந்திருக்கிறது. போட்டால் பத்துக்கு ஒன்பது கிடேரி. நல்லதுதான். 2019 முதல் மத்திய அரசுத் திட்டத்தில் கோமாரிக்கு இலவசமாகத் தடுப்பூசி போடுகிறார்கள். காதில் மஞ்சள் வில்லை மாட்டி, அதில் 12 இலக்க எண். வில்லை மாட்டினால் காது அசிங்கமாகிவிடும் என்று சிலர் மாட்டை ஒளித்துவைக்கிறார்கள். அந்த 2013 மார்கழி இரவை அவர்கள் கேட்டிருந்தால் ஒளித்துவைக்க மாட்டார்கள்.

பேத்தி இப்போது வெளியூரில் வேலையில் இருக்கிறாள். போன தையில் வந்தபோது எங்கள் கறவை ஒன்று ஈன்றது. உடனே தெருவில் செய்தி. ஈன்றதும் சுரக்கும் முதல் பாலான சீம்பாலுக்கு நான்கு வீட்டிலிருந்து கிண்ணம் வந்துவிட்டது. வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் கிண்டிய சீம்பால் எனக்கும் பிடிக்கும். அதைப் பகிர்வது எங்கள் ஊர் வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் மாட்டின் கருப்பையில் இருக்கும்போது தாயின் நோய் எதிர்ப்புச் சத்து கன்றுக்குப் போவதில்லை. எல்லாம் சீம்பாலில்தான் இருக்கிறது. அதை அப்படியே உறிஞ்சும் சக்தி கன்றின் குடலுக்கு முதல் சில மணி நேரம்தான் நன்றாக இருக்கும், ஒரு நாளில் மூடிக்கொள்ளும். நஞ்சுக்கொடி விழட்டும், நல்ல நேரம் வரட்டும் என்று காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும். கொப்பூழில் டிங்சர் அயோடின் தொட்டு, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பாலைக் கன்றின் வாயில் சேர்க்க வேண்டும்.

பேத்தி கிண்ணங்களை எல்லாம் திண்ணையில் கவிழ்த்துவைத்தாள். "கன்னு குடிச்ச பிறகு நானே கொண்டாந்து தர்றேன்" என்று சொல்லி அனுப்பினாள். கன்று எழுந்து நின்று, தடுமாறி, காம்பைத் தேடிப் பிடித்துக் குடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே இருந்தாள்.

மாடு வைத்திருக்கும் பிள்ளைகள் 1962 என்ற எண்ணைச் சுவரில் எழுதிவையுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் வரும். தாய் செத்த கன்று என்றால், புதிதாக ஈன்ற மாடு உள்ள வீட்டுக்கு அந்த நிமிஷமே ஓடி ஒரு செம்பு சீம்பால் கேளுங்கள், தருவார்கள். மாடு இல்லாத பிள்ளைகள், உங்கள் வீட்டுக்கு யாராவது சீம்பால் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது ஒரு வார்த்தை கேளுங்கள்: கன்று குடித்துவிட்டதா?