மூக்குப்பேணியில் நிலவேம்பு

திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால் இருந்த அம்மம்மா வீட்டில், மார்கழி பிறந்தால் இரண்டு மணம் மாறி மாறி வரும். விடியப்புறம், செம்பாட்டுத் தறைகளிலிருந்து வந்திறங்கும் கீரைக்கட்டுகளின் ஈரமண் மணம். பொழுதுபட்டால், குசினியில் மண்சட்டிக்குள் அவியும் நிலவேம்பின் மணம். முதலாவதுக்கு ஓடிப்போவோம், இரண்டாவதுக்கு ஓடி ஒளிப்போம். நான் ஒளிக்கிற இடம் எப்போதும் அரிசி மூட்டைக்குப் பின்னால்தான். அம்மம்மா எப்படி உடனே கண்டுபிடிக்கிறா என்பது எனக்கு அந்த வயதில் பெரிய அதிசயம்.

கிணற்றடி வேலியோரம், பூவரசங் கதியால்களின் நிழலில், யாரும் நடாமலே அந்தச் செடி முளைத்திருக்கும். முழங்கால் உயரம் இருக்கும். தண்டை விரல்களுக்கிடையில் உருட்டினால் உருளாது, நாலு மூலையும் தட்டுப்படும். சின்ன வெள்ளைப் பூவின் இதழில் ஊதாப் பொட்டுகள். இலையில் ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கில் வைத்தால், பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை கைக்கும். இதற்கு ஒரு பெரிய அண்ணன் இமயமலைப் பக்கம், நேபாளத்துச் சரிவுகளில் இருக்கிறார், பெயர் சிரட்டைக்குச்சி என்று பரியாரியார் சொல்லுவார். பிடுங்கிப் பிடுங்கி மலையில் அது அருகிவிட்டதால், அதன் பெயரில் நிலவேம்பையே கட்டி விற்கிற சரக்குக் கடைகளும் உண்டு.

அம்மம்மா செடியை வேரோடு பிடுங்கி, மண் போகக் கழுவி, நிழலில் உலர்த்துவா. வேர்க்கொம்பும் மிளகும் பற்படாகமும் தட்டிப்போட்டு, எட்டுப் பேணித் தண்ணீர் ஒரு பேணியாக வற்றும்வரை அடுப்படியை விட்டு எழும்பமாட்டா. பிறகு பழஞ்சீலையில் வடித்து, பித்தளை மூக்குப்பேணியில் ஊற்றிக்கொண்டு வருவா. பேணியின் மூக்கு வாயில் படாமல் அண்ணாந்து ஊற்றவேண்டும் என்பது வீட்டு ஒழுங்கு. கசாயம் நாக்கைத் தாண்டி நேரே தொண்டைக்குள் இறங்க அது நல்ல வழியும்கூட. "ஒரே மூச்சில குடி, என்ர ராசாவெல்லே!" மற்றக் கையில் பனங்கட்டித் துண்டு இருக்கும். பேணி காலியாகும்வரை காட்டுவா, தரமாட்டா.

எங்களுக்கு இப்படிப் பருக்கினாலும், எல்லாருக்கும் கொடுக்கமாட்டா. பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்த சின்னம்மாவுக்கு ஒருமுறை இருமலும் காய்ச்சலும். அவவுக்கு மல்லி அவித்த தண்ணீர் மட்டுந்தான். "வயித்தில பிள்ளையோட இருக்கிறவளுக்கு இதைக் காட்டவும் கூடாது." அப்புவுக்குச் சீனி வருத்தம். கைப்பு சீனியைக் குறைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, குளிசையும் போட்டுக்கொண்டு களவாகக் கசாயமும் குடித்துவந்தவர், ஒருநாள் உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கிக் கதிரையில் சாய்ந்துவிட்டார். சீனித் தண்ணீர் குடித்தபிறகுதான் தெளிந்தார். அதற்குப்பிறகு சட்டி அம்மம்மாவின் கண்பார்வையை விட்டு அரக்கப்படவில்லை.

தமிழ்நாட்டில் 2012இல் டெங்கு பரவியபோது அரசே நிலவேம்புக் குடிநீர் கொடுத்தது. ஒன்பது சரக்குச் சேர்ந்த அந்தக் குடிநீரிலும் அம்மம்மாவின் வேர்க்கொம்பு, மிளகு, பற்படாகம் மூன்றும் இருக்கின்றன. கடல் கடந்த ஊர்களில் அதே செடி குளிசையாகப் போத்தலில் வருகிறது. அன்றைக்குச் சின்னம்மாவின் வயிற்றில் இருந்தவள் இப்போது மெல்பேணில். தடிமன் வராமலிருக்க நாள்தோறும் ஒன்று போடலாமோ என்று தொலைபேசியில் கேட்டாள். சிலருக்கு இது கடும் ஒவ்வாமையைக் கொண்டுவரலாம் என்று அவள் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2015இல் எச்சரித்திருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு, வருத்தமில்லாத உடம்புக்கு மருந்து என்னத்துக்கு என்றும் கேட்டேன். பாதி அம்மம்மாவின் குரல்தான்.

மாரியோடு டெங்கும் வருகிற ஊராகிவிட்டது எங்கள் ஊர். இரத்தத்தில் சிறுதட்டுகள் இறங்குவதை எந்தக் கசாயச் சட்டியும் காட்டித்தராது. டெங்கு என்ற பெயரையே அம்மம்மா கேள்விப்பட்டிருக்கமாட்டா. ஆனால் மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாதபோது, சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மாமாவின் சைக்கிள் பாரில் என்னை இருத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவ அவதான்.