உள்ளே இருக்கிற ஆட்கள்

‘போகலாம்னு ஒரு மனசு சொல்லுது, வேணாம்னு இன்னொரு மனசு சொல்லுது.’ இப்படி ஒருமுறையாவது சொல்லாத தமிழர் இருக்கமாட்டார். ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் 1980களில் சிகாகோவில் தன் நோயாளிகளிடம் கேட்டதும் ஏறக்குறைய இதே வாக்கியத்தைத்தான். அவர் குடும்ப சிகிச்சை பயின்றவர். அளவுமீறித் தின்றுவிட்டு வாந்தியெடுக்கும் புலிமியா நோய் கொண்ட இளம்பெண்களிடம் வேலை பார்த்தார். குடும்பத்துக்குள் இருந்த சிக்கலைச் சரிசெய்த பிறகும் சிலருக்கு நோய் நிற்கவில்லை. ஏன் என்று விசாரித்தபோது, அவர்கள் தங்களுக்குள் நடக்கும் சண்டையை விவரித்தார்கள். திட்டுகிற ஒன்று, திட்டு வாங்கிச் சுருண்டு கிடக்கிற ஒன்று, அந்த வலி தெரியாமலிருக்கத் தின்னச் சொல்கிற ஒன்று. வீட்டிலிருப்பவர்களுக்கு இடையேயான உறவைப் பார்த்துப் பழகியவர், உள்ளேயும் ஒரு குடும்பத்தைப் பார்த்தார். ‘இன்டர்னல் ஃபேமிலி சிஸ்டம்ஸ்’ என்று பெயர் வைத்தார். சுருக்கினால் ஐ.எஃப்.எஸ். நம் ஊரில் அப்படிச் சொன்னால் வனத்துறை அதிகாரியா என்று கேட்பார்கள்.

மனதைப் பங்குபோட்டுப் பார்த்ததில் அவர் முதல் ஆள் இல்லை. இத்தாலியரான அஸஜோலி துணை ஆளுமைகள் பற்றிப் பேசியிருக்கிறார். எரிக் பெர்ன் பெற்றோர், வளர்ந்தவர், குழந்தை என்று மூன்றாகப் பிரித்தார். ஷ்வார்ட்ஸ் அழுத்திச் சொன்னது, உள்ளே இருக்கும் எதுவும் கெட்டதில்லை என்பதை. காயம்பட்டு ஒதுக்கிவைக்கப்பட்ட சில பகுதிகள் உண்டு. அந்தக் காயம் கிளறப்படாமல் அன்றாடத்தை நடத்திச்செல்லும் நிர்வாகிகள் உண்டு. மீறிக் கிளறிவிட்டால் ஓடிவந்து எதையாவது செய்து அணைக்கும் தீயணைப்பு வீரர்கள் உண்டு. குடி, தீனி, கையைக் கீறிக்கொள்வது எல்லாம் இந்தக் கடைசி வகை. தீயை அணைக்கிற தண்ணீரில் வீட்டுச் சாமான் நனைவதைப் பற்றி அவர்கள் கவலைப்படுவதில்லை.

இதைப் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்ள ஒரு வாரம் போதும். நான் சில வருடங்களாக மனநல ஆலோசகர்களுக்கு இதைத் தமிழில் கற்றுக்கொடுக்கும் குழுவில் இருக்கிறேன். புரிந்துகொண்டவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் கஷ்டம்.

முதல் தகராறு சொல்லில். எல்லாப் பகுதிகளும் விலகி வழிவிட்டால் மிஞ்சுகிற நிதானமான ஒன்றை ஷ்வார்ட்ஸ் ‘செல்ஃப்’ என்கிறார். ‘ஆன்மா’ என்றால் பாதிப் பேர் கோயிலுக்கும் மீதிப் பேர் தேவாலயத்துக்கும் போய்விடுகிறார்கள். ‘தான்’ என்றால் தமிழில் அது அகந்தை. ‘சுயம்’ என்றதும் சுயநலம் ஞாபகம் வருகிறது. கடைசியில் நான் பெயரே சொல்வதில்லை, ‘நீங்க’ என்றுதான் சொல்கிறேன். ‘அந்தக் கோபத்த நீங்க பாக்குறீங்களா, இல்ல கோபமாவே இருக்கீங்களா?’ இந்தக் கேள்வி எந்த மொழிபெயர்ப்பையும்விட நன்றாக வேலை செய்கிறது.

இன்னொரு கேள்வி எல்லா அணியிலும் வரும். ‘இது பேயோட்டுற மாதிரில்ல இருக்கு?’ நியாயமான கேள்வி. கோடாங்கியும் ‘நீ யாரு, எதுக்கு வந்த, என்ன வேணும்’ என்றுதான் கேட்கிறார். அதுவரை இரண்டும் ஒன்று. ஆனால் அவர் கடைசியில் அதைப் புளியமரத்துக்கு அனுப்பிவிடுவார். இங்கே யாரையும் வெளியே அனுப்புவதில்லை, செய்துகொண்டிருந்த வேலையை மாற்றிக்கொள்ளச் சொல்கிறோம். இதையொட்டியே இன்னொன்றையும் சொல்லிவிடுவேன். காதில் குரல் கேட்பவரிடமோ, நேற்று நடந்தது ஞாபகமில்லாமல் ஆளே மாறிப்போகிறவரிடமோ, இங்கே படித்ததை நம்பி நீங்களாக இறங்கக்கூடாது. முதலில் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஆய்வு ஆதாரம் பற்றியும் முதல் நாளே பேசிவிடுவது நல்லது. 2013இல் முடக்குவாத நோயாளிகள் 79 பேரிடம் நடந்த சோதனையில் வலியும் மனச்சோர்வும் குறைந்ததாகத் தெரியவந்தது. ஆனால் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குப் பின்னால் குவிந்திருக்கும் ஆய்வுகளோடு ஒப்பிட்டால் இது கைப்பிடி அளவுதான். இதைக் கேட்டு முகம் சுருங்குகிறவர்கள் பெரும்பாலும் பயிற்சி முடிவதற்குள் நல்ல ஆலோசகர்களாகிவிடுகிறார்கள். கண் மின்னக் கேட்பவர்களிடம்தான் எனக்குக் கொஞ்சம் பயம்.

பயிற்சியின் உயிர் மூன்று பேர் கொண்ட சிறுகுழு. ஒருவர் ஆலோசகர், ஒருவர் சிகிச்சை பெறுபவர், ஒருவர் பார்வையாளர். ஓரத்தில் உதவியாளர் ஒருவர். இதில் யாரும் நடிப்பதில்லை, தன் வாழ்க்கையிலிருந்தே ஒன்றைக் கொண்டுவர வேண்டும். சின்ன ஊர்களில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்பதால் ஒரே அலுவலகக்காரர்களை ஒரே குழுவில் போடுவதில்லை. பத்துக்கு மூன்று, நான்கு கனமுள்ள விஷயமாக எடுத்துவாருங்கள் என்றும் சொல்வோம். ஆனால் துக்கம் எடைபோட்டா வரும்?

ஒரு குழுவில் நான் உதவியாளராக உட்கார்ந்திருந்தேன். ஆலோசகராக இருந்தவர் குடி மறுவாழ்வு மையத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவர், என்னைவிட வயதில் மூத்தவர். எதிரே ஒரு செவிலியர். அப்பாவைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அந்த அம்மா சிரித்தார். இவர் சிரிப்பைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். ‘அடிச்சப்ப உங்களுக்கு எத்தன வயசு? அம்மா எங்க இருந்தாங்க?’ செவிலியரின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது, விரல்கள் சேலை முந்தானையைச் சுருட்ட ஆரம்பித்தன.

உதவியாளர் நிறுத்தலாம். ஆனால் நம் ஊரில் வயதில் மூத்தவரை நாலு பேர் முன்னால் நிறுத்துவது லேசான காரியமில்லை. நிறுத்தாவிட்டால் அந்த அம்மாவின் கதவு உடையும், ராத்திரி வீட்டுக்குப் போய் அவர் தனியாக அதைச் சாத்த வேண்டியிருக்கும்.

‘சார், ஒரு நிமிஷம். உங்களுக்குள்ள இப்ப யாரு அவசரப்படுறது?’

அவர் என்னைப் பார்த்தார். ‘அழவச்சாத்தான மேடம் ஆறும்?’

நான் பதில் சொல்லவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு, ‘ஒரு பையன். நல்லாத்தான் சிரிச்சுப் பேசிட்டு வீட்டுக்குப் போனான். சரி, தேறிட்டான்னு விட்டுட்டோம். அப்புறம் வரவே இல்ல’ என்றார். எங்கே போனான் என்று யாரும் கேட்கவில்லை. இருபது வருடமாக எந்தச் சிரிப்பையும் நம்பாத ஒருவர் அவருக்குள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவரை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு அவர் மறுபடி செவிலியர் பக்கம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது.

‘அந்தச் சிரிப்ப நான் பாக்காம போயிட்டேன்மா. அதுகிட்டயே கேப்போமா? அது சிரிக்காம விட்டுட்டா என்ன ஆயிரும்னு பயப்படுது?’

அந்த அம்மா யோசித்தார். முந்தானை கையிலிருந்து நழுவியது. ‘நைட் டூட்டிக்குப் போகணும்ல சார். மூணு புள்ளைங்க வார்டு. நான் அழுதா யாரு பாக்குறது?’

‘அதுக்கு நன்றி சொல்லலாமா?’

‘சொல்லலாம்’ என்றார். இந்த முறை சிரிப்பு வரவில்லை. அத்தோடு நேரம் முடிந்தது. அப்பாவைப் பற்றி மேற்கொண்டு ஒரு வார்த்தை இல்லை. தேநீர் இடைவேளையில் அவர் என்னிடம் வந்து, ‘அவ்வளவுதானா மேடம்?’ என்றார், ஏமாற்றப்பட்டவர்போல. அன்றைக்கு அவ்வளவுதான். காவல்காரர் அனுமதிக்காமல் உள்ளே போகக்கூடாது என்பது இம்முறையின் அடிப்படை விதி. பலகையில் எழுதிப்போட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள்.

இப்போது அவரும் எங்கள் குழுவில் ஓர் உதவியாளர். உதவியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது நாங்கள் கேள்வித்தாள் எதுவும் வைப்பதில்லை. ஒரு குழு தடுமாறும்போது எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்கிறார், எந்த இடத்தில் வாயைத் திறக்கிறார் என்று பார்க்கிறோம். சில முதுகலைப் பட்டதாரிகளால் ஒரு நிமிடம் தாண்ட முடியாது.

சொல் தகராறு மட்டும் தீரவில்லை. ‘பாகம்னாலே எங்காளுங்களுக்குப் பாகப்பிரிவினைதான் மேடம்’ என்று அவர் அந்த வார்த்தையைத் தூக்கிப்போட்டுவிட்டார். குடிப்பவர்களிடம் ‘உள்ள இருக்கிற ஆளு’ என்கிறார். ‘குடிக்கச் சொல்ற ஆளு எப்ப வர்றாரு? அவரு வராட்டி யாருக்கு வலிக்கும்?’ அவர்கள் சட்டென்று பதில் சொல்கிறார்களாம். போன அணியில் இருந்த பெண்கள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. ‘ஆளுன்னா ஆம்பளயால்ல வருது? எனக்குள்ள இருக்கிறது ஒருத்தி’ என்றார் ஒருவர். ‘எனக்குள்ள எங்க மாமியா இருக்கா’ என்றார் இன்னொருவர். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதிலேயே போய்விட்டது.